இரண்டு நொடிக்கு ஏழரை லட்சம்

பி.ஒய்.டி. நிறுவனம் 2024 மார்ச்சில் ‘சீல்’ என்ற மின்சார செடானை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது மூன்று வேரியன்ட்களை அறிவித்தது. ‘டைனமிக்’ ஷோரூம் விலை 41 லட்சம். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 7.5 நொடி. ‘பிரீமியம்’ 45.55 லட்சம், 5.9 நொடி. ‘பெர்ஃபார்மன்ஸ்’ 53 லட்சம், 3.8 நொடி. கடைசி இரண்டுக்கும் ஒரே பேட்டரிதான், 82.56 கிலோவாட் மணி. உச்ச வேரியன்ட்டில் முன் அச்சுக்கு இன்னொரு மோட்டார் சேர்கிறது. எடை 130 கிலோ கூடுகிறது. ஒரு சார்ஜுக்கு நிறுவனம் சொல்லும் தூரம் 650 கி.மீ.யிலிருந்து 580 ஆக இறங்குகிறது. ஆக, 7.45 லட்சம் ரூபாயையும் 70 கி.மீ. ரேஞ்சையும் கொடுத்து நாம் வாங்கிக்கொள்வது 2.1 நொடி.

நான்கு கதவு, ஐந்து இருக்கை, பெரிய டிக்கி கொண்ட கார் இது. பள்ளிக்கூடப் பையும் அரிசி மூட்டையும் அதில்தான் ஏறப்போகின்றன. இப்படிப்பட்ட காருக்கு இந்த 2.1 நொடி எங்கே உதவும் என்ற கேள்வியைக் கேட்டுப் பார்க்க எலெக்ட்ரானிக் சிட்டி பொருத்தமான ஊர். நீலாத்ரி ரோட்டிலோ ஹோசா ரோட்டிலோ அப்பார்ட்மென்ட் வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குச் சாலை என்றால் மூன்று: வாரநாளில் நெரியும் ஓசூர் ரோடு, அதற்கு மேலே ஓடும் சுங்க மேம்பாலம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்திப்பள்ளி தாண்டி சேலம் பக்கம் இழுக்கும் தேசிய நெடுஞ்சாலை 44. தவிர, இந்தியாவில் பல்லாண்டுகள் தொடர்ந்து விற்பனையில் நின்ற முதல் மின்சாரக் காரான ‘ரேவா’ பிறந்ததும் பக்கத்துப் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில்தான்.

கீழ்ச் சாலையை எடுத்துக்கொண்டால் விவாதத்துக்கே இடமில்லை. டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் போக்குவரத்துக் கணக்குப்படி பெங்களூருவில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 நொடி ஆகிறது. மணிக்கு 18 கி.மீ. கூட வரவில்லை. ஒரு சிக்னலிலிருந்து 40 கி.மீ. வேகத்துக்குப் போக சாதாரணக் காருக்கு நாலரை நொடி. உச்ச வேரியன்ட்டுக்கு ஒன்றரை நொடி. மிச்சப்படும் ஓரிரு நொடியும் அடுத்த சிக்னலில் முன்வண்டியின் பம்பரைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் கரைந்துவிடும்.

மேம்பாலத்தில் கணக்கு கொஞ்சம் சுவையானது. 2010 ஜனவரியில் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 10 கி.மீ.; வேக வரம்பு 80. வரம்பை மதித்துப் போனால் ஏழரை நிமிடத்தில் கடக்கலாம். ஒரு கார் 80ஐ 3 நொடியில் எட்டுகிறது, இன்னொன்று 7 நொடியில் எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுமுனையில் இரண்டுக்கும் வித்தியாசம் 4 நொடி அல்ல, 2 நொடிதான். மெதுவான காரும் அந்த 7 நொடியில் சும்மா நிற்கவில்லை, பாதித் தூரத்தை ஓடித்தான் இருக்கிறது. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் ஒருமுறை முரண்டுபிடித்தால் இந்தச் சேமிப்பைப் போல் பல மடங்கு போய்விடும். மேலும் இதே பாலத்தில் பைக்குகளும் ஓடுகின்றன. 2021 செப்டம்பரில் ஓர் இரவு, பாலத்தின் ஓரத்தில் பைக்கை நிறுத்தியிருந்த இருவர்மீது வேகமாக வந்த கார் மோதி, இருவரும் கீழ்ச் சாலையில் விழுந்து இறந்தார்கள். மோதியது பந்தயக் கார் அல்ல. தெருவுக்கு நான்கு நிற்கும் சாதாரண ரகம்.

பிக்கப் ஆதரவாளர்களின் வலுவான வாதம் மூன்றாவது சாலையில்தான் இருக்கிறது. ‘ஓவர்டேக் பண்ணும்போது பவர் இருந்தால்தான் உயிர் தப்பும்’ என்பார்கள். உண்மைதான். கிருஷ்ணகிரி வரை நடுவே தடுப்பு உள்ள சாலை. எதிர்வண்டிப் பயம் கிடையாது. ஆனால் அங்கிருந்து ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்குத் திரும்பினால் எதிரே பேருந்து வரும் பாதையில் ஏறித்தான் லாரியைத் தாண்டவேண்டும். எவ்வளவு பவர், எவ்வளவு உயிர் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

லாரி 50 கி.மீ. வேகத்தில் போகிறது. பின்னால் 50இல் போகும் கார், லாரியின் நீளமும் முன்பின் இடைவெளியுமாக 45 மீட்டர் கூடுதலாகக் கடக்கவேண்டும். காரின் வேகம் நொடிக்கு 1 மீட்டர் வீதம் கூடினால் தாண்ட 9.5 நொடி ஆகும். நொடிக்கு 2 மீட்டர் வீதம் கூடினால், அதாவது ஒரு நடுத்தரப் பெட்ரோல் செடானின் தரத்தில், 6.7 நொடி; தாண்டி முடிக்கும்போது வேகம் 98. நொடிக்கு 4 மீட்டர் என்றால், ஏறக்குறைய சீல் பிரீமியத்தின் தரம், 4.7 நொடி, முடிக்கும் வேகம் 118. நொடிக்கு 6 மீட்டர் என்றால் 3.9 நொடி, முடிக்கும் வேகம் 134.

முதல் படியில் கிட்டத்தட்ட 3 நொடி மிச்சம். இரண்டாவது படியில் 2 நொடி. மூன்றாவது படியில் ஒரு நொடிகூட இல்லை, 0.8தான். அந்த 0.8ஐயும் பெறவேண்டுமானால் இருவழிச் சாலையில் 134இல் போய் முடிக்கவேண்டும். 100ஐத் தொட்டதும் காலை எடுத்துவிடுவேன் என்கிற பொறுப்பான ஓட்டுநருக்கு அந்தச் சேமிப்பும் சுருங்கிவிடும். சரி, 134இல் முடித்தாயிற்று. முன்னே ஒரு வளைவோ, டீக்கடை வாசலில் திரும்பும் டிராக்டரோ இருந்தால்? 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கவே நல்ல டயர், காய்ந்த சாலை என்றாலும் சுமார் 40 மீட்டர் வேண்டும். கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தில் இன்னொரு 40 மீட்டர் ஓடிவிடும். வேகம் கூடக்கூட பிரேக் தூரம் அதன் வர்க்கமாக ஏறும். மோட்டாரின் சக்தியைப் பத்து மடங்கு கூட்டலாம். ரப்பர் சாலையைப் பிடிக்கும் சக்தியைக் கூட்ட முடியாது.

எனவே பிக்கப்புக்கு ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்குக் கீழே போவதும் ஆபத்து. இதைப் பொம்மசந்திராவின் வரலாறு நன்றாகவே காட்டுகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது சூரியசக்திக் கார் குழுவில் வேலைசெய்த சேத்தன் மைனி, 1994இல் தொடங்கிய நிறுவனத்தின் வழியாக 2001இல் ரேவாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஈய-அமில பேட்டரி, 48 வோல்ட், ஒரு சார்ஜுக்கு 80 கி.மீ., உச்ச வேகம் 65 சொச்சம். முன்னால் பெரியவர்கள் இருவர், பின்னால் குழந்தைகள் இருவர். லண்டனில் ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் நெரிசல் கட்டணத்திலிருந்து தப்பிக்க நினைத்தவர்கள் வாங்கினார்கள். சட்டப்படி அங்கே அது கார் வகையில்கூடச் சேரவில்லை, நாற்சக்கர ஊர்தி என்ற வேறு வகை. நகரத்துக்குள் கடைகண்ணிக்குப் போய்வர நல்ல வண்டி. ஓசூர் ரோட்டில் அசோக் லேலண்டு லாரிகளுக்கு நடுவே அதை ஓட்டுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

2010இல் மகிந்திரா அந்த நிறுவனத்தை வாங்கியது. 2013இல் ‘இ2ஓ’ வந்தது. 2016இல் வந்த ‘இ-வெரிட்டோ’தான் நம் விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துவது: மின்சாரம், செடான், ஐந்து பேர். 0-60 கி.மீ.க்கு 11.2 நொடி, உச்ச வேகம் 86. 60ஐத் தொடவே பதினொரு நொடி ஆகும் காரை வைத்துக்கொண்டு யாரையும் ஓவர்டேக் செய்ய முடியாது. குடும்பங்கள் அதைச் சீண்டவில்லை. அரசு அலுவலகங்களுக்கும், பெங்களூருவில் ஐ.டி. ஊழியர்களை ஏற்றி இறக்கும் வாடகை நிறுவனத்துக்கும்தான் அது போயிற்று. மின்சாரக் கார் என்றால் மந்தம் என்ற எண்ணம் நம் ஊரில் வேரூன்றியதில் இந்தக் காலத்துக்குப் பங்கு உண்டு.

அதை உடைத்தது 2021இல் வந்த டாடா டிகோர் இ.வி. 26 கிலோவாட் மணி பேட்டரி, 55 கிலோவாட் மோட்டார், 0-60க்கு 5.7 நொடி, குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம், தொடக்க விலை 12 லட்சம். நகரக் குடும்பத்துக்கு இந்தப் பிக்கப் போதும் என்பதே என் எண்ணம். வெளியூருக்குப் போதாதது அதன் பேட்டரிதான்.

இன்னொரு முனையையும் சொல்லியாகவேண்டும். ரேவாவை வாங்கிய அதே மகிந்திரா குழுமத்தின் கையில் ஆட்டோமொபிலி பினின்ஃபரினா என்ற நிறுவனமும் இருக்கிறது. அதன் ‘பட்டிஸ்டா’ என்ற மின்சாரக் கார் 1,900 குதிரைத்திறன் கொண்டது, 0-100க்கு 1.86 நொடி. 2023இல் இந்தூருக்கு அருகிலுள்ள நேட்ராக்ஸ் சோதனைத் தடத்தில் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அதை 357 கி.மீ. வேகத்துக்கு விரட்டினார். ஃபார்முலா 1 ஓட்டியவர், மூடிய தடம், தலையில் ஹெல்மெட். அதுவே அதற்குரிய இடம். 65 கி.மீ. ரேவாவும் 1.86 நொடி பட்டிஸ்டாவும் ஒரே குழுமத்தின் கணக்கில் வருகின்றன என்றால், இந்த இருபதாண்டுகளில் முடுக்கம் எவ்வளவு மலிந்துவிட்டது என்பது புரியும்.

மலிந்த காரணம் எளிது. பெட்ரோல் எஞ்சினில் சக்தியைக் கூட்டவேண்டும் என்றால் டர்போ, வலுவான கியர்பாக்ஸ், கூடுதல் எரிபொருள் என்று எல்லாமே மாறும். மின்சாரக் காரில் நெடுந்தூரம் ஓடவேண்டும் என்று பெரிய பேட்டரி வைத்தாலே, அது ஒரே நேரத்தில் நிறைய மின்சாரத்தைக் கொட்டவும் தயாராக இருக்கிறது. மோட்டாரோ நின்ற நிலையிலேயே முழு இழுவிசையையும் தரும். ஆகவே ரேஞ்சுக்காகச் செய்த செலவில் வேகம் கொசுறாகக் கிடைக்கிறது. விளம்பரத்துக்கும் அது வசதி: இருக்கை எவ்வளவு சொகுசு என்பதை எண்ணில் சொல்ல முடியாது, 3.8 என்று சொல்லலாம். டெஸ்லா 2014இல் ஒரு செடானில் ‘இன்சேன்’ என்று பெயரிட்ட பொத்தானையே வைத்து விற்றது. மந்தமான வண்டி என்ற பழைய அவப்பெயரைத் துடைக்க அன்று அது தேவைப்பட்டிருக்கலாம். இன்று தேவையில்லை.

‘கொசுறாகக் கிடைப்பதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?’ என்று கேட்கலாம். பிரீமியம் அளவு வரைக்கும் அது கொசுறுதான். டைனமிக்கிலிருந்து பிரீமியத்துக்கு ஏற 4.55 லட்சம் கொடுத்தால் 140 கி.மீ. ரேஞ்ச் கூடுகிறது, 1.6 நொடி தானாக வந்து சேர்கிறது. அதற்கு மேல்தான் தனி மோட்டார், தனி எடை, தனி விலை. அந்த 70 கி.மீ. இழப்பில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கடுமையாக மிதித்து ஓட்டுவதால் வரும் இழப்பல்ல அது. ரேஞ்ச் சோதனையில் காரை மென்மையாகத்தான் ஓட்டுவார்கள். அந்த ஓட்டத்திலேயே 70 குறைகிறது. வாங்கியவர் ஒருநாளும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காவிட்டாலும், மிதிக்க முடியும் என்பதற்கான வாடகையை ஒவ்வொரு சார்ஜிலும் கட்டிக்கொண்டே இருக்கிறார். மிதித்தால் வேறு செலவுகள் வரும். மின்னோட்டம் இரட்டிப்பானால் கம்பியிலும் பேட்டரியிலும் வெப்பம் நான்கு மடங்காகும். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள காரின் 19 அங்குல டயர் தேயும் வேகமும் கூடும். அதன் விலையைக் கடையில் கேட்டுவிட்டு வாருங்கள்.

இரட்டை மோட்டாருக்கு நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். மழையில் நான்கு சக்கரமும் இழுப்பது நல்ல பாதுகாப்பு. ஏற்காடு ஏறும்போது ஐந்து பேரும் சாமான்களும் இருந்தாலும் திணறாது. பேட்டரி சூடேறியபோதும் சார்ஜ் குறைந்தபோதும் மின்சாரக் காரின் சக்தியைக் கணினி குறைத்துவிடும். அப்போது கையிருப்பு இருப்பது உதவும். இந்தத் தேவைகளுக்கு இரண்டு சிறிய மோட்டார்கள் போதுமே. அப்படியொரு செடானை, டிகோருக்கும் சீலுக்கும் நடுவே 20 லட்சத்தை ஒட்டிய விலையில், நம் சந்தையில் தேடினால் காணோம்.

காருக்குள் இருப்பவர்களைப் பற்றி இந்த விவாதத்தில் யாரும் பேசுவதில்லை. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வழியே பொம்மசந்திரா வரை மஞ்சள் தட மெட்ரோ ஓடத் தொடங்கியது. நின்றுகொண்டு வரும் பயணி தடுமாறக்கூடாது என்பதற்காக மெட்ரோ ரயில்களின் வேகத்தைப் பொதுவாக நொடிக்கு 1 மீட்டர் என்ற அளவை ஒட்டியே கூட்டுவார்கள். 3.8 நொடிக் கார் அதைப்போல் ஏழு மடங்கு உந்துகிறது. ஓட்டுகிறவர் அதை எதிர்பார்த்துக் கழுத்தை இறுக்கிக்கொள்வார். பின் சீட்டில் தூங்கும் பிள்ளைக்கும், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ள பாட்டிக்கும் முன்னறிவிப்பு கிடையாது. மின்சாரக் காரில் தலைசுற்றுகிறது, குமட்டுகிறது என்று பின் சீட்டுக்காரர்கள் சொல்வது புதிதல்ல. சத்தம் இல்லாததால் உடம்பு வேகமாற்றத்தை முன்கூட்டி உணர்வதில்லை, காலை எடுத்தவுடன் மோட்டாரே பிரேக் பிடிக்கிறது.

இதைவிடப் பெரிய கவலை, மிதி மாறும் விபத்து. டோக்கியோவின் இகெபுகுரோவில் 2019 ஏப்ரலில் 87 வயது முதியவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததில் ஒரு தாயும் குழந்தையும் இறந்தார்கள். அது சாதாரண ஹைப்ரிட் கார். ஜப்பான் இதற்குப் பிறகு, தவறான மிதியைக் கண்டுபிடித்து வேகத்தைத் தடுக்கும் கருவியைப் புதிய ஆட்டோமேடிக் கார்களில் 2028 செப்டம்பர் முதல் கட்டாயமாக்க முடிவெடுத்தது. நம்மில் பெரும்பாலோர் கிளட்ச் வண்டியில் கற்றவர்கள். கிளட்ச் காரை நிறுத்தும்போது இடதுகால் கிளட்சில் இருப்பதால், மிதி மாறினாலும் பெரும்பாலும் எஞ்சின் உறுமுவதோடு சரி. மின்சாரக் காரில் அந்தத் தடுப்பு இல்லை. அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில், சுவருக்கு மூன்றடி முன்னால், சத்தமே இல்லாமல் 530 குதிரைத்திறன் காத்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஆக்ஸா காப்பீட்டு நிறுவனம் 2022இல் தன் கணக்குகளைப் பார்த்து, மின்சாரக் கார் ஓட்டுகிறவர்கள் தங்கள் காருக்கே சேதம் வரும்படி மோதுவது 50 சதவீதம் அதிகம் என்றது; திடீர் உந்தலைக் காரணமாகக் காட்டியது. அதை அறிவித்த மோதல் சோதனை நிகழ்ச்சியில் பேட்டரியை எடுத்துவிட்டு வெடிமருந்து வைத்துத் தீப்பிடிப்பதுபோல் காட்டியதற்காக அந்த நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டது என்பதையும் சொல்லிவிடவேண்டும். தீ நாடகம், காப்பீட்டுக் கணக்கு நாடகமல்ல.

சட்டங்கள் இப்போதுதான் விழிக்கின்றன. தெற்கு ஆஸ்திரேலியா 2024 டிசம்பர் முதல் மிகைத்திறன் கார்களுக்குத் தனி உரிமம் கேட்கிறது; ஆனால் வரம்பு டன்னுக்கு 276 கிலோவாட் என்பதால் சீல் போன்ற கார் அதில் சிக்காது. நமக்கு அதிகம் பொருந்துவது சீனாவின் யோசனை. அந்நாட்டுப் பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் 2025 நவம்பரில் வெளியிட்ட வரைவு விதிப்படி, கார் ஒவ்வொரு முறை இயக்கப்படும்போதும் 0-100க்கு 5 நொடிக்குக் குறையாத மென்மையான நிலையில்தான் தொடங்கவேண்டும். அதற்கு மேல் வேண்டுமானால் ஓட்டுநர் தெரிந்தே தேர்ந்தெடுக்கவேண்டும். காரைத் தயாரித்து உலகத்துக்கு விற்கும் நாடே இப்படி யோசிக்கிறது. அங்கேயே ஷாவ்மி நிறுவனம் 2025இல் தன் 1,548 குதிரைத்திறன் செடானின் சக்தியை மென்பொருளால் மட்டுப்படுத்தப் பார்த்து, வாங்கியவர்களின் எதிர்ப்பால் பின்வாங்கியது. விற்றபின் பிடுங்கினால் கோபம் வரத்தான் செய்யும். விற்கும் முன்பே விதி இருந்திருக்கவேண்டும்.

இந்தியாவில் 2019 ஜூலை முதல் கார்கள் 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டும் 120ஐத் தாண்டினால் விடாமலும் எச்சரிக்கை ஒலி எழுப்பவேண்டும். வேக வரம்பை 120 வரை உயர்த்திய 2018ஆம் ஆண்டு அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்துசெய்தது. 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 71 சதவீதம் பேரின் சாவுக்கு அதிவேகம் காரணம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. இவ்வளவு இருந்தும், எவ்வளவு விரைவில் அந்த வேகத்தை எட்டலாம் என்பதைப் பற்றி நம் விதிகள் வாய் திறப்பதில்லை. 39 குதிரைத்திறன் மாருதி 800ஐ ஓட்டிக்காட்டி வாங்கிய அதே உரிமம் 530க்கும் செல்லும்.

என் முடிவு இது. குடும்ப மின்சார செடானுக்கு 0-100 கி.மீ. ஆறிலிருந்து எட்டு நொடிக்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் வாங்குவது ஆசைக்கு. ஆசை தவறில்லை, ஆனால் அதைப் பாதுகாப்பு என்று பெயர் மாற்றி விற்கக் கூடாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மென்மையான தொடக்க நிலையையும் தவறான மிதித் தடுப்பையும் புதிய மின்சாரக் கார்களுக்குக் கட்டாயமாக்கவேண்டும். நிறுவனங்கள் 0-100ஐ விட்டுவிட்டு, ஐந்து பேர் உட்கார்ந்து, ஏ.சி. ஓடி, 20 சதவீதம் சார்ஜ் இருக்கும்போது 60இலிருந்து 100க்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அச்சடிக்கட்டும். கூடவே 100இலிருந்து நிற்க எத்தனை மீட்டர் என்றும்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். வீட்டிலுள்ள மூத்தவரைப் பின் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போங்கள்; விற்பனையாளர் ‘ஸ்போர்ட் மோடு’ பொத்தானைக் காட்டும்போது அவர் முகத்தைப் பாருங்கள். சீல்தான் வேண்டும் என்றால் பிரீமியத்தோடு நின்றுவிடுங்கள். மிச்சமாகும் ஏழரை லட்சத்தில், ஐந்தாறு ஆண்டுகளில் தேயப்போகும் டயர்களுக்கும் கட்டவேண்டிய காப்பீட்டுக்கும் பணம் போக இன்னும் மீதி இருக்கும்.